பதினோரு வரிச் சீட்டு

நாலு அரியர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் சொல்கிற சாட்சி என்றால் கடைசியில் பொண்ணு யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கிவிடும் என்று காத்திருந்து படிக்காதீர்கள். இதில் ரேங்க் எதுவும் வராது. சபை யூத் குரூப்பில் "உன் அனுபவத்தை எழுதிப் போடு" என்று ஒரு மாதமாக நச்சரித்தார்கள். அதனால் போனில் வேகமாக டைப் அடிக்கிறேன். பிழை இருந்தால் கண்டுக்காதீர்கள்.

நான் இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். வீடு கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு காலனி. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. நாலாவது வரை படித்தவர். அச்சில் இருக்கிற பைபிளை விரல் வைத்துப் படிப்பார். கையெழுத்து என்றால் படிக்க வராது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கெத்தோடுதான் திரிந்தேன். சபையில் கீபோர்டு வாசிப்பதும் நான், சண்டே கிளாஸ் எடுப்பதும் நான், வாய் அடிப்பதும் நான்.

போன பிப்ரவரியில் மூன்றாவது செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ரயிலில் நின்றுகொண்டே போனில் பார்த்தேன். ஆறில் நாலு ஃபெயில். பக்கத்தில் என் கிளாஸ்மேட் நித்யா. அவள் வீட்டில் நிலம் வைத்து நெல் போடுகிறார்கள். அவள் தன் போனைக் காட்டிச் சிரித்தாள்.

"மச்சி, எனக்கு அஞ்சு. உன்னவுட ஒண்ணு ஜாஸ்தி. ட்ரீட் நீதான்டி வெக்கணும்."

"ஊட்ல இன்னாடி சொல்லப் போற?"

"இன்னா சொல்றது, ஃபெயிலுன்னுதான். எங்கப்பா ரெண்டு நாளு பேச மாட்டாரு. மூணாவது நாளு மூட்ட தூக்கக் கூப்புடுவாரு. அவ்ளோதான்."

அப்படியேதான் நடந்தது அவளுக்கு. எனக்கு அப்படி வராது என்று தெரியும். நைனா பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. அவர் உடைந்துபோகிற ஆள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டார்.

"இன்னா பாப்பா, ரிசல்ட்டு வந்துகீதாமே?"

"எல்லாம் பாஸு நைனா."

மூன்று வார்த்தை. அவ்வளவுதான் செய்தேன். ரெண்டு நாளில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ரெண்டு நாளில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். நைனா இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் எழுந்ததில்லை. அன்றைக்கு எழுந்தார். அயர்ன் செய்த சட்டை. மைக்கைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, "நான் லோடு தூக்கறவன். எம் பொண்ணு எல்லாத்திலயும் பாசாயிகீது. கர்த்தர் என்னைத் தூக்கி வெச்சிட்டாரு" என்றார். மேலே பேச முடியாமல் அழுதார். சபையே கைதட்டியது. கீபோர்டில் உட்கார்ந்திருந்த நான் சந்தோஷப் பாட்டு ஆரம்பிக்கிற மேஜர் கார்டை அழுத்தினேன். சபைக்காக அல்ல. அவர் அழுகிற சத்தம் என் காதில் விழாமல் இருக்க.

அதற்குப் பிறகு அது என் பொய் மட்டும் இல்லை. தேவனுடைய சந்நிதியில் நைனா வாயால் சொன்ன பொய். இப்போது யாரிடம் போய், எப்படித் திருப்பி எடுப்பது?

ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. கிளாஸில் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு வரி உள்ளே போகாது. அப்புறம் கிளாஸுக்கே போவதை நிறுத்தினேன். காலையில் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டையிலேயே இறங்கி, சாயங்காலம் வரை பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் வரும்போதெல்லாம் எழுந்து சுவர் பக்கம் போய் நின்றுகொள்வேன். ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும். என்னை நானே நம்பவில்லை.

ஜெபித்தேனா என்றால், ஜெபிக்கவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஜெபிப்பது? ஒரே ஒரு வரி மட்டும் சொல்வேன். "ஆண்டவரே, நானா சொல்ல மாட்டேன். யாராச்சும் கண்டுபுடிக்கட்டும்." இதுவும் ஒரு ஜெபமா என்று எனக்கே சந்தேகம்.

வெளி சபைக்காரர்களுக்காக எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைப்பார்கள். கஷ்டம் இருக்கிறவர்கள் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து ஒரு சீட்டை எடுத்துப் போக வேண்டும். ஒரு வாரம் குடும்ப ஜெபத்தில் அந்த முகம் தெரியாத ஆளுக்காக ஜெபித்து, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொண்டுவர வேண்டும். பாஸ்டர் ஐயா அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. அதுதான் சட்டம்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் எழுதினேன். சின்னத் தாள் எதுவும் பையில் இல்லை. ஒரு முழு ஏ4 தாள்தான் இருந்தது. கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் கோணல் மாணலாக எழுதினேன். எழுத ஆரம்பித்தால் நிற்கவில்லை. பதினோரு வரி. நாலாக மடித்துப் போட்டேன். நாற்பது வீடு இருக்கிற சபை. யாரோ எடுப்பார்கள், யாரோ ஜெபிப்பார்கள். போதும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நைனா எழுந்து டின்னிடம் போனார். எல்லாரும் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார்கள். இவர் கண்ணைத் திறந்துகொண்டு கையை விட்டுக் கிளறினார். பாஸ்டர் ஐயாவே சிரித்துவிட்டார்.

"இன்னா பிரதர், லாட்டரியா?"

"இல்ல ஐயா. கனமா இன்னா கீதுன்னு பாக்கறேன். சின்னது பொம்பளைங்க தூக்கட்டும்."

லோடு தூக்குகிற மனுஷன். எடுத்தது என் சீட்டு.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் என்னிடம்தான் நீட்டினார். "படி பாப்பா." சாயங்கால ஜெபம். அம்மா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே காது கொடுத்தாள். என் கோணல் எழுத்து என் கையில்.

"ஒரு காலேஜ் புள்ளைக்குப் பரிச்ச. ஜெபிச்சிக்கோங்க. அவ்ளோதான் நைனா" என்று சொல்லித் தாளை மடித்துவிட்டேன். திருந்தவே இல்லை பாருங்கள். பொய்க்கு மேல் பொய்.

நைனா நம்பி ஜெபித்தார். திங்கட்கிழமையும் பரீட்சைக்காக ஜெபித்தார். செவ்வாயும். புதன்கிழமை தாளை வாங்கித் தானே விரித்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார்.

"பதினோரு வரி கீது."

நான் தாளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"நானும் மூணு நாளாப் பாக்கறேன். நீ ஒரு வரி படிச்சிட்டு மடிச்சிடற. சலான்ல பதினோரு பொட்டின்னா, நான் பதினொண்ணயும் எண்ணித்தான் எறக்குவேன். ஒண்ண எறக்கிட்டு வண்டிய அனுப்புனா கம்பெனில உதைப்பான். மீதிய படி."

"கிறுக்கலா கீது நைனா. புரியல."

"உனுக்கே புரியலன்னா யாருக்குப் புரியும்? நீதான இஞ்சினியரு. குந்து. நிதானமாப் படி."

படித்தேன். வேறு வழி இல்லை. இதுதான் அந்தச் சீட்டு:

"ஆண்டவரே, நான் காலேஜில் படிக்கிறேன். நாலு பேப்பரில் ஃபெயில். வீட்டில் பாஸ் என்று பொய் சொல்லிவிட்டேன். என் அப்பா ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறார், அதைப் பார்க்க முடியவில்லை. சாப்பாடு, தூக்கம் இல்லை. நெஞ்சை யாரோ மிதிப்பது போல் இருக்கிறது. காலேஜுக்குப் போகாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் உயிரோடு இருக்கவே பயமாக இருக்கிறது. என்னால் சொல்ல முடியாது. யாராவது கண்டுபிடிக்கட்டும்."

பாதியிலேயே அடுப்பில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நைனாவுக்குத் தெரியவில்லை. அவர் முட்டி போட்டார். நானும் பக்கத்தில் முட்டி போட்டேன்.

"ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். "இந்தப் புள்ள யாரோ தெர்ல. சின்னப் புள்ள. தூக்க முடியாத லோட தலைல வெச்சிக்கினு நிக்குது. அத்தோட அப்பங்காரன் யாரோ, மடப்பய. ஊட்ல ஒரு புள்ள சோறு துன்னாம கீது, அத்தக் கூடப் பாக்காம மார்க்கு மார்க்குன்னு சந்தோஷப்பட்டுக்கினு கீறான். அவன் கண்ணத் தொற சாமி. புள்ள உசுரோட கெடைக்கட்டும். பாஸு இன்னா பாஸு, அப்பால எழுதிக்கலாம்..."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நைனா. அது நான்தான்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் சொல்லவில்லை. அப்புறம் கேட்டது ஒரே கேள்வி.

"ஸ்டேஷன்ல எங்க குந்தினு இருப்ப?"

"கவரைப்பேட்டைல. பெஞ்சில."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அதே கையால் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "சபைல எழுந்து நின்னாரேடி அந்த மனுசன். அப்பவாச்சும் என்னாண்ட சொல்லக் கூடாதா? பாவி, என்னாண்ட சொல்லக் கூடாதா?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கண்டுபிடிக்கட்டும் என்று கேட்டேன், கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் எனக்கு லேசாக ஆகவில்லை. இன்னும் மோசமாக இருந்தது.

ரெண்டு மணி நேரம் கழித்து நைனா வந்தார். கண் சிவந்திருந்தது. சட்டைப் பையில் கவரைப்பேட்டை டிக்கெட். தாளை எடுத்து பைபிளுக்குள் வைத்தார். "இந்தச் சீட்டுக்கு இன்னும் நாலு நாளு கீது. ஞாயித்துக்கெழமதான் திருப்பிக் குடுக்கணும். நான் எடுத்த லோடு" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே பதினோரு வரியை என்னைப் படிக்க வைத்தார். அதே சத்தத்தில் ஜெபித்தார். "இந்தப் புள்ள யாரோ" என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை லீவு போட்டு என்னைத் திருவள்ளூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார், கம்பெனியில் விசாரித்துத் தெரிந்துகொண்ட மனநல டாக்டரம்மாவிடம். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் "யாருக்கு, என்ன பண்ணுது" என்று கேட்டதற்கு, "எம் பொண்ணுக்கு. நெஞ்சு மேல லோடு கீது, எறக்க ஆள் வேணும்" என்றார். வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்தார், பேசவும் வைத்தார். முதல் தடவையாக அந்த எக்ஸ்பிரஸ் விஷயத்தை வாய் விட்டுச் சொன்னேன்.

ஞாயிறு. "நைனா, சபைல மட்டும் சொல்லாத. கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன். அவர் பைபிளிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாட்சி நேரத்தில் எழுந்தார். அதே அயர்ன் சட்டை.

"போன மாசம் இங்க ஒரு சாட்சி சொன்னேன். அது சரக்கு மாறிப் போச்சி. திருப்பி எடுத்துக்கினு வந்துகீறேன். எம் பொண்ணு பாஸாவல. நாலு ஃபெயிலு. ஆனா எம் பொண்ணு உசுரோட எங் கைல கீது. இதான் என் சாட்சி."

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு கேட்டது. நைனா மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். அந்த மனுஷனை அங்கே அப்படி நிற்க வைத்தது நான். கீபோர்டை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். சும்மா நின்றேன். கொஞ்சம் கழித்து பாஸ்டர் ஐயா "ஸ்தோத்திரம்" என்றார். நைனா சீட்டை நீட்டினார். ஐயா அதை வாங்கி, கிழிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இது நடந்து பல மாதம் ஆகிறது. மே மாதம் திரும்ப எழுதினேன். ரெண்டு கிளியர், ரெண்டு இன்னும் தொங்குகிறது. மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. சில காலை எழுந்திருக்கவே பிடிக்காது. சிலர் இன்னும் என்னைப் பார்த்தால் குசுகுசுக்கிறார்கள், பேஜாராகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது பொய் சொல்வதில்லை. காலையில் நைனா கேட்பார், "இன்னைக்கு எத்தினி கிலோ பாப்பா?" நெஞ்சில் எவ்வளவு கனம் என்று அர்த்தம். "நாப்பது கிலோ" என்பேன். "நேத்து அம்பது இருந்திச்சி" என்பார். சோகமாக இருந்தாலும் சிரிப்பு வந்துவிடும். அதுவே என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்.

நித்யா கேட்டாள், "உங்கப்பாரு கனமாப் பாத்து எடுத்தாரு, உன்னுது ஏ4. இதுல சாமி எங்கடி வந்துச்சி?" நியாயமான கேள்விதான். நான் சொன்னேன், "அன்னைக்கு எம் பையில சின்னத் தாளே இல்லாமப் பண்ணது யாருடி?" அவள், "என் அரியருக்கு ஒரு சீட்டு எழுதித் தர்றேன், உங்க டின்ல போடு" என்று மட்டும் சொன்னாள்.

காலேஜ் பெஞ்சிலோ ஸ்டேஷன் பெஞ்சிலோ உட்கார்ந்து இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சி, உனக்குத்தான் சொல்கிறேன். தைரியமாக இரு என்று சொல்ல மாட்டேன், எனக்கே தைரியம் இல்லை. உள்ளே இருப்பதை எழுது. இடது கையாலாவது எழுது. வீட்டிலோ, டாக்டரிடமோ, சபையிலோ, யாரிடமாவது கொடு. பாதியை மறைத்துச் சின்னதாக எழுதாதே. முழுத் தாளில் எழுது. கனமானதைத் தேடி எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் கை டின்னுக்குள் கிளறிக்கொண்டுதான் இருக்கிறது.