புந்தோங் வீட்டுக்கு மண் நிறம்

இந்த ஊரில் சுவருக்கு மண் நிறம் அடி என்றால், எந்த மண் என்று திருப்பிக் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் ஒருவன் அப்படிக் கேட்டிருந்தால், பாவம் வெயிலில் அலைந்தவன் என்று மோர் கொடுத்திருப்போம். மலாயாவில், ஈப்போ பக்கத்துப் புந்தோங்கில் நான் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்குச் சுண்ணாம்படிக்க வந்த சீனன் ஆ சோங், "தானா மானா?" என்று மலாயில் அதைத்தான் கேட்டான். மண்ணுக்கு ஊரும் பேருமா என்று எரிந்து விழுந்தேன். அவன் கோப்பெங் ஈயச் சுரங்கத்தில் மண் அலசியவன். தலையாட்டிவிட்டு, முன்னறை முழுக்க ஈய மணலின் சாம்பல் நிறத்தை அப்பிவைத்தான். சாவு வீடு தோற்றது. கலர்ப்பொடியைக் கூட்டச் சொன்னேன். மறுநாள் ரப்பர்த் தோட்டத்து ரோடு மாதிரி ஒரே செக்கச்செவேல்.

எனக்கோ அவசரம். ஒன்பது வருஷம் கழித்து என் மனைவி செல்லம்மாள் கப்பலேறியிருந்தாள். 'பிடித்தால் இருப்பேன், இல்லாவிட்டால் அடுத்த கப்பல்' என்று யாரையோ விட்டுக் கடிதம் எழுதியிருந்தாள். என் முகத்தை மாற்ற முடியாது, சுவரையாவது மாற்றலாமே.

அந்த ஒன்பது வருஷமும் நான் ரப்பர்த் தோட்டத்தில் காலைப் பெரட்டில் கூலிகளை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டுக்கொண்டு, கூலிகள் லயத்தில் கடைசி அறையில் கிடந்தவன். வியாதி வராமலிருக்க என்று வருஷா வருஷம் லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். சாமானை வெளியே எடுக்கக்கூட விடமாட்டார்கள். சோற்றுப்பானை வெள்ளை, பாய் வெள்ளை, ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்த என் மீசையும் வெள்ளை. எனக்கென்று ஒரு வீடு வந்தால் வெள்ளையே கூடாது, கோடையில் காய்ந்த நம் ஊர்க் குளத்து மண் நிறம்தான் என்று அன்றைக்கே சபதம் போட்டேன்.

கடைசியில் ஆ சோங்கைக் காப்பிக்கடைக்கு இழுத்துப்போய், பால் விட்ட கோப்பியைக் காட்டினேன். முதலிலேயே இதைக் காட்டுவதற்கென்ன என்று அவன் என்னைத் திட்டினான். மூன்றாம் பூச்சு அச்சாக வந்தது. பக்கத்துக் கடை மைதீன் பாய் எட்டிப்பார்த்தார்.

"மாட்டுக் கொட்டாயாண்ணே? சொல்லியிருந்தா சாணியும் குடுத்திருப்பேன்லா!"

ஈப்போ ஸ்டேஷனிலிருந்து செல்லம்மாளை அழைத்துவந்தேன். மூட்டையைக் கீழே வைக்காமலே சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, சுண்ணாம்பு வாங்க வக்கில்லையா?"

"நம்ம ஊரு மண்ணு நிறம் புள்ள."

"அது தெரியுது. மழைக்கு மழை இடிஞ்சு விழுந்த நம்ம வீட்டுச் சுவரு. ஒத்தையில நாந்தானே கொழைச்சுப் பூசுனேன்? ஒம்போது வருசமா நீங்க பாக்கல, அதான் அழகாத் தெரியுது. வெள்ளை அடிங்க."

"வெள்ளைன்னா லயத்து நெனப்பு வருது புள்ள."

"நான் லயத்துல இருந்தேனா?"

மறுபடி ஆள் அனுப்பினேன். நாலாம் தடவையாக வந்த ஆ சோங், என்னிடம் எதுவும் கேட்காமல் அவளிடம் சுண்ணாம்படிக்கும் மட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்தான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று சுவரை வெளுத்தாள். என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவருக்கு வந்ததும் நின்றாள்.

"இது ஒங்களுக்கு. போதுமா?"

"அப்ப இருப்பியா?"

"காயட்டும், பாக்கலாம்."

காய்ந்து மூன்று மாதமாகிறது. அடுத்த கப்பல் போனதை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பாழாய்ப்போன சுண்ணாம்பு ஒட்டுகிறது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது என் சட்டையின் முதுகில் ஊர் மண், தோளில் லயத்து வெள்ளை. வாசலில் நிறுத்தி இரண்டையும் தட்டிவிடுகிறாள். இரண்டும் முழுசாகப் போவதில்லை.