சனிக்கிழமைச் சீகைக் கன்றுகள்

போன மாதம் ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு மலைச்சரிவில், ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். இந்த வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். கோயம்புத்தூரில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியில் இருபது பேர் சேர்ந்து வேன் பிடித்து ‘இயற்கையோடு ஒரு நாள்’ என்று கிளம்பினார்கள். மகளுக்குக் காலில் சுளுக்கு. அவளுக்குப் பதிலாக என்னை ஏற்றிவிட்டாள். ஊட்டிக் காந்தலில் பிறந்து, அந்த ஊரிலேயே முப்பது வருடம் டீச்சராக இருந்தவளைப் பிடித்து இயற்கையைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினால் என்ன செய்வது? பெட்டியிலிருந்து பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூட்டிப்போன பையனுக்கு நல்ல தாடி, நல்ல மனசு. “ஆன்ட்டி, ஷூவக் கழட்டிடுங்க. மண்ணு கால்ல படணும்” என்றான். சின்ன வயதில் எனக்கு ஷூ கிடையாது. பனிக்காலத்தில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதை மிதிக்க பயந்து ரோட்டோரமாகவே பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் சம்பளத்தில் கான்வாஸ் ஷூ வாங்கினேன். அந்த ஷூதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டது, சொல்கிறேன்.

பேசாமல் நடங்கள் என்றான். நடந்தோம். மூடுபனி இறங்கியிருந்தது. அப்போது ஒரு வாசனை வந்தது, பின்னாலேயே மூன்று தும்மலும் வந்தன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சீகைப் பூ. மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தூளாக உதிரும். தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட சீகை மரம், ஊட்டியில் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். எனக்கு வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்தே அந்த மரத்தின் பக்கம் போனால் தும்மல்தான்.

அப்போது ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்திருந்தேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய அப்பா முதுகு போய்ப் படுத்திருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். பள்ளியில் இயற்கை மன்றம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் காலையும் பார்த்தார். கான்வாஸ் ஷூ போட்டிருந்தது நான் மட்டும். எருமையைக் கண்டால் ஓடுகிறவள், அட்டையைக் கண்டால் அலறுகிறவள், நான்தான் இயற்கைக்குப் பொறுப்பு.

அந்த வருட மழையில் மன்றத்துக்காக நூறு சீகைக் கன்றுகள் வந்து இறங்கின. ஊருக்கு வெளியே மொட்டையாகக் கிடந்த ஒரு புல்மலையைக் காட்டி, அங்கே நட்டுக் காடாக்குங்கள் என்றார்கள். புல் மட்டும் இருந்தால் அது வெற்று மலை, மரம் இருந்தால்தான் மலை என்று எங்களுக்கெல்லாம் அப்போது நினைப்பு. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அடுத்த ஜூன்ல நானே வந்து பாப்பேன். கன்னு உயிரோட இருந்தா உன் வேலையும் நிலைக்கும்” என்று சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நட்டு முடித்த அன்றே ஒருவர் வந்தார். பக்கத்து மந்து, அதாவது தோடர் குடியிருப்பைச் சேர்ந்தவர், என் வயதுதான் இருக்கும், சிவப்புக் கறுப்புப் பூவேலை போட்ட போர்வை. பின்னால் எருமைகள். நான் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“டீச்சரம்மா, இந்தச் செடிய கீழ ரோட்டோரமா வைங்க. இது எருமை மேயற எடம். மேல ஊத்து இருக்குதுங்க. இந்த மரம் வந்தா ஊத்து வத்திப் போயிடும்.”

“ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட கேட்டுச் சொல்றேனுங்க” என்றேன். எருமை நகர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பன்னிரண்டு பெண்களோடு மேலே போவேன். பனிக்காலத்தில் பெரணி இலையை வெட்டிக் கன்றுகளுக்குத் தொப்பி மாதிரி கவிழ்த்து மூடுவோம், உறைபனியில் கருகாமல் இருக்க. மாசி பிறந்து காய ஆரம்பித்தால், ஜாம் டப்பாவில் தண்ணீர் மொண்டு ஊற்றுவோம். தண்ணீர் எங்கிருந்து என்கிறீர்களா? அந்த ஊற்றிலிருந்துதான். பெரிய பாறைக்கு அடியிலிருந்து சலசலவென்று வரும். மூடுபனியில் பாதை தெரியாவிட்டால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கம் கண்டுபிடிப்போம். “மிஸ், தண்ணி இந்தப் பக்கம்!” என்று யாராவது ஒருத்தி கத்துவாள்.

அந்தத் தோடரும் சனிக்கிழமைதோறும் அந்தப் பாறையருகே நிற்பார். “கேட்டீங்களா டீச்சரம்மா?”

“இன்னும் இல்லீங்க.”

கோபப்பட்டதே இல்லை. ஒரு நாள் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள், எல்லா இடத்திலும் மேய்கிற எருமைகள் நம் செடியை மட்டும் ஏன் மிதிப்பதில்லை என்று. அவர் காதில் விழுந்துவிட்டது. “டீச்சரம்மா கேட்டுச் சொல்றேன்னாங்க. அது வரைக்கும் இந்தப் பக்கம் விடறதில்ல” என்றார்.

ஜூனில் ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே பிழைத்திருந்தன. என் வேலையும் நிலைத்தது. அப்பா அழுதார், தங்கைகள் படித்தார்கள். மன்றம் வேறொரு டீச்சர் கைக்குப் போனது, நான் அந்த மலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஒரு முறை மார்க்கெட்டில் தூரத்தில் அந்தத் தோடருடைய போர்வையைப் பார்த்தேன். பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, வேண்டாத பீன்ஸ் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வெட்கம்தான், வேறென்ன. கேட்டிருந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பார். அதுவும் இன்றுவரை தெரியாது.

எங்கே விட்டேன்? தும்மலில். தாடிக்காரப் பையன் கையை விரித்து, “இதுதாங்க ஆதிக்காடு. மனுசன் கை படாதது” என்றான். மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய பாறை தெரிந்தது. அதே பாறையா? அதே மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மொட்டை மலையில் பார்த்ததை இருட்டுக் காட்டுக்குள் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? நாங்கள் வைத்த மரங்களா, அவற்றின் பிள்ளைகளா, பேரப்பிள்ளைகளா? சொல்லலாமா, அவன் முகம் வாடிவிடுமா? எதுவும் விளங்கவில்லை.

ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்து மனசில் உள்ளதைச் சொல்லுங்கள் என்றான். என் பக்கத்து மரத்தில், மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பெண் சாய்ந்து நிஜமாகவே அழுதாள். போன வருடம்தான் அவள் கணவன் இறந்துபோனான். அந்த மரம் அவளைத் தாங்கிக்கொண்டுதான் நின்றது. அதைக் கெட்ட மரம் என்று எந்த வாயால் சொல்வேன்? நல்ல மரம் என்றுதான் எந்த வாயால் சொல்வேன்?

நானும் ஒன்றைக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடி, பழைய வழக்கப்படி காதைத் தீட்டிக்கொண்டு தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். எந்தப் பக்கமும் இல்லை.

“கேக்கவே இல்லீங்க” என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல.

“சூப்பர் ஆன்ட்டி, மனசு விட்டுப் பேசுங்க” என்றான் பையன்.

பேச யார் இருக்கிறார்கள்? திரும்பும்போது பாறையருகே போய்க் குனிந்து பார்த்தேன். அடியில் காய்ந்த சீகை இலை ஒரு முழத்துக்குக் கிடந்தது. கையால் விலக்கினேன். கீழே மண் காய்ந்திருந்தது. எருமைத் தடம் இல்லை, புல் ஒரு பிடி கூட இல்லை.