நாற்பத்திரண்டாம் நம்பருக்கு ஒரு பதில்

கண்டியில் ஒரு சர்ச் மண்டபத்தைத் திறந்து மூடுவது என் வேலை. கதிரை அடுக்குவேன், கூட்டுவேன். நாடகம் என் வேலை இல்லை. அந்த ஒரு நத்தார்ப் பண்டிகைக்குத்தான் மேடை ஏறினேன்.

பேராதனையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். பழைய கதை ஒன்றைப் பெருநாளுக்குப் பாட்டு நாடகமாகப் போடப் போவதாகச் சொன்னார். தேயிலைத் தோட்டத்துக் கதை. ஒருத்தி கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். திரும்பவில்லை. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணி அவள் நம்பரைக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. அவ்வளவுதான். மூன்றரைப் பக்கம்.

டீச்சர் அதை ஏழு பாட்டாக்கினார். கதையில் மழை பெய்தது என்று ஒரு வரி. அதற்கே ஒரு பாட்டு, பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு குடை. கடைசிப் பக்கத்துக்கு மட்டும் பாட்டு இல்லை. நம்பரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். டோலக் நிற்கும். பிறகு திரை.

பெருநாளும் அதுவுமாகச் சனத்தை அழவைத்து அனுப்புவதா என்று கமிட்டியில் கேட்டார்கள். அவளைக் கூட்டி வந்து கேக் வெட்டச் சொல்லுங்கள் என்றார்கள். டீச்சர் அசையவில்லை.

நான் ஹுன்னஸ்கிரியவில் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன். அதனால் பெரட்டைப் பற்றி என்னிடம் கேட்டார். அவர் 'உள்ளேன் ஐயா' என்று எழுதியிருந்தார். அது பள்ளிக்கூடம் டீச்சர் என்றேன். இருக்கிறவன் 'இருக்கேன்' என்பான். ஆள் பிந்தினால் வீட்டு ஆள் 'வருது' என்று குரல் கொடுக்கும். அப்போதைக்குக் கங்காணி நம்பரை வெட்ட மாட்டார். வருகிற ஆள் லயத்தில் தலை சீவிக்கொண்டிருக்கும்.

டீச்சர் சிரித்தார். பிறகு யோசித்தார்.

"அதை ஒருத்தரும் சொல்லக் கூடாது அண்ணை. சொன்னாக் கதை முடியாது."

போனவளின் புருசன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. பேச்சில்லாத வேஷம். எல்லோருக்கும் பாட ஆசை. டீச்சர் என்னைப் பார்த்தார். நீங்கள் சும்மா நிண்டாக் காணும் என்றார். சும்மா நிற்க எனக்குத் தெரியும்.

என் மனைவி குவைத்தில். ஆறு வருஷம். அந்த நத்தாருக்கு லீவு என்று சொல்லியிருந்தாள். முன்வரிசையில் ஓரக் கதிரையைத் துடைத்து, யாரும் உட்காராமல் துண்டு போட்டு வைத்தேன். நாடகத்துக்கு முதல் நாள் போனில் பேசினாள். வீட்டுக்கார மேடத்துக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. விட மாட்டார்களாம். சித்திரைக்குப் பார்க்கலாம் என்றாள். சரி என்றேன். துண்டை எடுக்கவில்லை.

மறுநாள் நாலு மணிக்குத் தொடங்கினோம். பின்வரிசை வாங்குகளில் தோட்டத்துச் சனம், பஸ் பிடித்து வந்தது. மழைப் பாட்டில் ஒரு பிள்ளையின் குடை விரியவில்லை. அதற்குத்தான் கூடுதல் கைதட்டல். கங்காணியாக வந்தவர் டவுனில் தையல் கடை வைத்திருப்பவர். அவரும் லயத்தில் பிறந்தவர்தான்.

"நாற்பத்திரண்டு," என்றார்.

நின்றேன். டோலக் நின்றது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டார்.

"வருது," என்றேன்.

வாய்ப் பழக்கம் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். திரைக் கயிற்றைப் பிடித்தவர் இழுக்கவில்லை. தையல்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவரும் நாடகத்தை மறந்துவிட்டார்.

"தெனம் இதத்தானப்பா சொல்ற."

பின் வாங்கில் சிரித்தார்கள்.

"வந்துரும்," என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் கையிலிருந்த நம்பர் புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். பேனையை எடுத்தார். நம்பரை வெட்டாமல் மூடிவிட்டார். அப்போதுதான் திரை விழுந்தது.

டீச்சர் ஏசவில்லை. நான் கதிரை அடுக்கும்போது வந்தார். துண்டு கிடந்த கதிரை யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அவரும் ஒரு கதிரையைத் தூக்கி அடுக்கினார்.

"நாளைக்கும் ஒருக்காப் போட இருக்கு. விருப்பம் எண்டால் அதையே சொல்லுங்கோ."

வேண்டாம் என்றேன். பிந்தின ஆளுக்கு ஒரு நாள் குரல் கொடுக்கலாம். இரண்டாம் நாள் கங்காணி லயத்துக்கே ஆள் அனுப்பிப் பார்ப்பார்.

இரண்டாம் நாள் சும்மா நின்றேன். மூன்று தரமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரை விழுந்த பிறகும் கொஞ்சம் நின்றேன்.

சனம் போய் முடியக் குவைத்திலிருந்து அவள் போன் எடுத்தாள். நாடகத்தில் நான் பேசியதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார். அவளால் நம்ப முடியவில்லை.

"என்ன பேசினீங்க?"

"ஒரு வார்த்தைதான்."

"அதச் சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் அந்தக் குழந்தை அழுதது.

"நீ வா. சொல்றேன்."

குழந்தை விடவில்லை. போனை வைத்துவிட்டாள். ஓரக் கதிரையை மற்றதோடு அடுக்கினேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தைப் பூட்டினேன்.