ஜன்னலடியில் மெழுகுவர்த்தி

திண்டிவனம் தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. “தோ ஆச்சு” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார் டிரைவர். இருட்டத் தொடங்கிவிட்டது. உட்கார முடியாமல் இறங்கிப் பக்கத்துத் தெருவுக்குள் நடக்கிறேன்.

ஒரு வீட்டு ஜன்னல் சிவப்பும் நீலமுமாக ஒளிர்கிறது. மாதா கோயிலில் இருக்குமே, அந்த வண்ணக் கண்ணாடி. ஜன்னலடியில் மெழுகுவர்த்திகள் எரிகின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.

அவர்கள் போனதும் கிட்டே போய்ப் பார்க்கிறேன். வாசலில் நிற்கும் வீட்டுக்காரம்மாவிடம், “இது எந்தப் புனிதர்?” என்கிறேன்.

“புனிதரும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. வெறும் பூவு. பாண்டியில பழைய வீடு ஒண்ண இடிச்சாங்க. அழகா கீதுன்னு வாங்கியாந்து ஹால்ல வெச்சோம். உள்ள லைட்டு போட்டா போதும், கும்பிட வந்துர்றாங்க.”

“நீங்க சொல்லலையா?”

“சொல்லாம இருப்பனா? கேட்டுக்கினு, இன்னொரு மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போறாங்க. பேஜாருங்க. வீட்டுக்காரரோட சத்தமா ஒரு சண்ட போட முடியல. வெளிய யாராவது ஜெபம் பண்ணிக்கினு கீறாங்க.”

ஹாரன் அடிக்கிறது. சொல்லிக்கொள்ளாமலே ஓடுகிறேன். பாதித் தெருவில் உள்ளங்காலில் ஜல்லி குத்துகிறது. என் செருப்பு அந்த ஜன்னலடியில் கிடக்கிறது.