முப்பது கிலோமீட்டருக்கு நான்கு மணி நேரம்

காலை 7.10. பேட்டையிலிருந்து வேனைக் கிளப்பினோம். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. அங்கே அவித்த நெல்லை உலர்த்தும் டிரையரின் காற்றாடி நின்றுபோயிருந்தது. எங்கள் பட்டறையில் கடைந்த புது ஷாப்டை, அதைச் சுற்றவைக்கும் தண்டை, கொண்டுபோய் மாட்ட வேண்டும். தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். எட்டரைக்கெல்லாம் அங்கே நிற்கலாம்.

பட்டறையில் என்னை மேஸ்திரி ஆக்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கூட வந்தவர்கள் மூன்று பேர்: என்னைவிட இருபது வயது மூத்த பிட்டர் மாடசாமி அண்ணாச்சி, வெல்டர் செல்வம், டிரைவர் ஐசக். மூவரிடமும் கேட்டுக் கேட்டுச் செய்வதுதான் நல்ல தலைமை என்று நான் நம்பியிருந்தேன்.

கிளம்பும்போதே வழியைப் பற்றிப் பேச்சு வந்தது. சேரன்மகாதேவி சாலையை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், முக்கூடல் வழியே போகலாம் என்றார் ஐசக். அது சுற்று என்றார் அண்ணாச்சி. செல்வம் எந்த வழியானாலும் சரி என்றான். நான், "நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்றேன். குரல் பெரிதாக இருந்த அண்ணாச்சி ஜெயித்தார்.

8.05. பத்தமடைக்கு முன்னால், வெட்டிய பள்ளத்தில் ஒரு லாரி இறங்கி வழியை அடைத்து நின்றது. இருபுறமும் நாற்று நட்ட வயல், மேற்கே மலை, மலைமேல் கறுத்துத் திரண்ட மேகம். வேறொரு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன். திரும்பலாமா, காத்திருக்கலாமா என்று மறுபடியும் எல்லாரிடமும் கேட்டேன். மறுபடியும் மூன்று பதில். கேட்டுக்கொண்டே ஐம்பது நிமிடம் நின்றோம். பிறகு பேட்டைக்கே திரும்பி முக்கூடல் சாலையைப் பிடித்தோம். ஐசக் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

முக்கூடலில் பசிக்கிறது என்றார்கள். சரி என்றேன். இட்லி வர இருபது நிமிடம், டீ பன்னிரண்டு ரூபாய், அதுவும் சர்க்கரைப் பாகு மாதிரி. அதற்குள் ஆலையிலிருந்து ஐந்து முறை போன் வந்துவிட்டது. அம்பாசமுத்திரம் சுற்றி, ஆற்றுப்பாலம் கடந்து ஆலை வாசலில் இறங்கியபோது மணி 11.05.

களத்தில் அவித்த நெல் மூன்று அம்பாரமாக ஈரத்தோடு கிடந்தது. வெயில் இல்லை. ஆலையை நடத்தும் பேச்சியம்மாள் எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

டிரையரைத் திறந்தால் இன்னொரு வம்பு. காற்றாடியைத் தாங்கும் இரும்புச் சட்டமே விரிசல் விட்டிருந்தது. கழற்றிப் பேட்டைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகச் செய்யாமல் கை வைக்கக்கூடாது என்றார் அண்ணாச்சி. இங்கேயே வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்றான் செல்வம். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து, "என்ன செய்யலாம்?" என்றுதான் வந்தது.

பேச்சியம்மாள் அதைக் கேட்டுவிட்டார். "ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதிய. இங்கன யாரு பொறுப்பு, தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. அவர்மேல் வந்த கோபத்தோடு களத்துக்கு நடந்தேன். நெல்லுக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பு, லேசான புளித்த வாடை. கோபம் அப்போது அவர்மேல் இல்லாமல் போயிற்று. காலையிலிருந்து வழி, சட்டம், ஷாப்ட் என்றே பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் வந்தது சட்டத்துக்காக அல்ல, இந்த நெல் இன்றைக்கு உலர வேண்டும் என்பதற்காக. அப்படிப் பார்த்ததும் கேள்வியில் கஷ்டமே இருக்கவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். "அண்ணாச்சி, இங்கனயே ஒட்டுதோம். மெதுவா ஓட்டி நெல்ல காயவைப்போம். அடுத்த வாரம் புதுச் சட்டம் போடுவோம். உடைஞ்சா பொறுப்பு என்னோடது."

அவர் முகம் இறுகியது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தவர், என்னைப் பார்க்காமலே, "ஒட்டுததுன்னா ரெண்டு பக்கமும் பட்டை குடு. ஒண்ணு தாங்காதுலே" என்றார். விரிசலின் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து ஒட்டினோம். அவர் சொன்னதுதான் சரி.

2.20க்குக் காற்றாடி சுற்றியது. முதல் அம்பாரம் டிரையருக்குள் போனது. 3.40க்கு மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கூடையோடு ஓடினோம், அண்ணாச்சியும்தான். இரண்டாவதைக் கொட்டகைக்குள் சேர்த்தோம். மூன்றாவதில் பாதியைக்கூட அள்ள முடியவில்லை. களத்துத் தண்ணீரில் நெல் மிதந்து வாய்க்கால் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எட்டரைக்கு வந்திருந்தா இதுவும் தேறியிருக்கும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மாலை 6.30க்குப் பேட்டை வந்தோம். அங்கே ஒரு துளி மழை இல்லை, தெருவில் புழுதி பறந்தது. பட்டறை முதலாளி வாசலிலேயே நின்று, போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சாலையை வெட்டியிருந்ததைச் சொல்லலாம், லாரியைச் சொல்லலாம். ஐசக்கும் அதைத்தான் ஆரம்பித்தார்.

நான் குறுக்கே விழுந்து, "ரெண்டு அம்பாரம் தேறுச்சு. ஒண்ணு என்னால போச்சு" என்றேன்.