எபியிடம் இருந்த என் சொற்கள்

இன்று காலை செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் என் வயிறு மூன்று முறை உறுமியது. பக்கத்தில் இருந்த பெண் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெட்கம் வருவதற்கு முன்னால் ஒரு சொல் வந்தது. பார்பரிக்மஸ். வயிற்று இரைச்சலுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். கிரேக்கர்கள் அந்தச் சத்தத்தையே சொல்லாக்கிவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னவன் எபிநேசர். அவனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வாலாஜாபாத்தில் நெல் அவிக்கும் வாசனையை முகர்ந்திருக்கிறீர்களா? அது மூக்கில் ஏறினால் ஸ்டேஷன் வந்துவிட்டது, சொல் விளையாட்டை முடிக்க வேண்டும். நானும் எபியும் அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினோம். காலை ரயிலில் ஆளுக்கு ஒரு விசித்திரமான ஆங்கிலச் சொல் கொண்டுவர வேண்டும், அர்த்தமும் பிறந்த கதையும் சேர்த்து. பட்டம் வாங்கிவிட்டு மூட்டை எண்ணிய துக்கத்துக்கு அது மருந்து. மூட்டை எண்ணி எண்ணித்தான் எதைக் கண்டாலும் எண்ணும் இந்த வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் என் சட்டையில் ஒட்டியிருந்த பட்டு இழையை எடுத்துக் காட்டினான். 'க்ளூ' என்றால் முதலில் நூலுருண்டை என்றுதான் பொருளாம். கிரேக்கக் கதையில் ஒருவன் வழி புரியாத மாளிகைக்குள் நூலைப் பிரித்துக்கொண்டே போய், அதையே பிடித்துக்கொண்டு வெளியே வந்தானாம். பிறகுதான் துப்புக்கு அந்தப் பெயர் வந்தது.

"உங்க தெரு பூரா க்ளூ கொட்டிக் கெடக்குது. திருடன்தான் ஆப்புடல பா!"

பெட்டியே சிரித்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையான எனக்கு மட்டும் கோபம்.

விளையாட்டில் ஒரு விதி இருந்தது. எழுதி வைக்கக் கூடாது. என் சொல்லை அவன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவனுடையதை நான்.

"உன்னுத நீயே வெச்சிக்கினு இருந்தா திமிரு ஏறிடும். என்கிட்ட குடு, நான் பாத்துக்கிறேன்."

கொடுத்துவிட்டு நிம்மதியாக மறந்துவிடுவேன். எப்போது கேட்டாலும் எடுத்துத் தருவான். வேலையை விட்டு வந்த பிறகும் தந்திருக்கிறான்.

எபிக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கையும் பேச்சும் போயின. வருவதென்றால் இன்னும் இரண்டு மாதத்துக்குள் வர வேண்டும், அதற்குப் பிறகு கடினம் என்கிறார் டாக்டர். தினமும் போய், அவன் தந்த சொற்களை அவன் காதருகே சொல்கிறேன். நூடியஸ்டெர்ஷியன், முந்தாநாளைச் சேர்ந்தது. 'இன்றோடு மூன்றாம் நாள்' என்ற லத்தீனிலிருந்து வந்தது. முந்தாநாள் சொன்னதையே இன்றும் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாயோரம் துடைத்துக்கொண்டிருந்த அவன் மருமகள் கேட்டாள். "மாமா, இதெல்லாம் அவரு உங்களுக்குச் சொன்னதுதானே? நீங்க அவருக்குச் சொன்னதுல ஒண்ணு சொல்லிப் பாருங்களேன். அதைத்தானே பத்திரமா வெச்சிக்கினு இருந்தாரு?"

எபி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். இந்த நான்கு மாதத்தில் அப்படிப் பார்த்ததில்லை. எதையோ எதிர்பார்க்கிற பார்வை. மருமகள் டிவியை நிறுத்தினாள்.

வாயைத் திறந்தேன். முதல் எழுத்துகூட வரவில்லை. எத்தனை வருடம், எத்தனை ரயில், மொத்தம் எத்தனை சொல் என்று கேளுங்கள், இப்போதும் கணக்குச் சொல்வேன். சொல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் அவனிடம்தான் இருந்தன.