மோட்டார் சைக்கிளுக்குச் சித்தி தைத்த பை

சித்தப்பாவிடம் மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் சீமையில் மூண்ட சண்டை. அவர் வேலை பார்த்தது நிலாவாரை இலை வாங்கிக் கப்பலில் அனுப்புகிற கம்பெனி. நம் ஊர்ப் பேதி மருந்து இலைக்கு அவ்வளவு தூரத்தில் என்ன கிராக்கி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சண்டைக்குப் புறப்பட்ட கம்பெனித் துரை, தம்முடைய வண்டியைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். மாட்டு வண்டியில் ஆடி அசைந்து தெற்கே திசையன்விளை வரை போய் இலை பார்த்து வருகிறவர், இனி இதில் போகட்டும் என்று ஏற்பாடு.

திருநெல்வேலியில் எங்கள் தெரு முழுக்க வந்து வேடிக்கை பார்த்தது. பின்சக்கரத்துக்கு மேலே சாமான் வைக்க ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. அதைப் பார்த்ததுமே அத்தைக்குக் கை துறுதுறுத்துவிட்டது.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். ஏரலில் வாழ்க்கைப்பட்டு, மாமா போன பிறகு எங்களோடு வந்திருந்தாள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான். எங்கள் வீட்டு ஆண்கள் வெளியூரில் கண்ட இடத்தில் கை நனைக்க மாட்டார்கள். ஆகவே சித்தப்பா பயணம் போவது என்றால் ஒரு சமையல்கட்டே கூடப் போகவேண்டும். அரிசி, பருப்பு, பித்தளைப் பானை, மோர்மிளகாய், புளிக்காய்ச்சல், பூசைச் சம்புடம், தலையணையோடு படுக்கைச் சுருள், கோட்டு கசங்காமல் இருக்கத் தகரப் பெட்டி. மாட்டு வண்டியில் போனதெல்லாம் இதிலும் போகும் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள். தகரப் பெட்டியை இரும்புச் சட்டத்தில் வைத்து, அதன் மேல் படுக்கையை வைத்து, அதற்கும் மேலே பானையைக் கவிழ்த்துக் கட்டியாயிற்று.

சித்தப்பா தெருவில் ஒழுங்காகத்தான் போனார். ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் பைய அந்தரத்தில் எழும்பியது. வண்டி நிமிர்ந்து நின்றது. சித்தப்பா பின்னால் வழுக்கிப் படுக்கைச் சுருளில் போய் உட்கார்ந்தார். மோர்மிளகாய் மேடெல்லாம் சிதறியது.

“அண்ணாச்சி, வண்டி கையெடுத்துக் கும்பிடுதுல்லா!” என்று குளித்துவிட்டு வந்த ஒருவர் கத்தினார்.

சித்தப்பாவுக்கு அடி இல்லை. மானம்தான் கொஞ்சம் போயிற்று.

இந்தக் கூத்தை வீட்டில் வந்து சொன்னபோது, சித்தி அடுக்களைச் சன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவள் பிறந்த ஊர் திசையன்விளை. அங்கே அவளுடைய அம்மா தீபாவளியிலிருந்து படுத்த படுக்கை. போய்ப் பார்க்கவேண்டும் என்று சித்தி வாய்விட்டுக் கேட்கவில்லை. சாப்பாட்டில் கை வைப்பதைத்தான் குறைத்துக்கொண்டாள். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் பிறந்தவீட்டிலிருந்து அழைக்க ஆள் வராமல் மருமகளை அனுப்புகிற வழக்கம் எங்களில் கிடையாது. சித்திக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அவள் அப்பாவோ நோயாளியை விட்டு நகர முடியாது. எங்கள் வண்டி மாடுகள் பிசான நெல் அறுப்பு வேலையில் இருந்தன. “அழைக்க ஆள் வரட்டும், அனுப்புவோம்” என்பதோடு அப்பா நிறுத்திக்கொண்டார்.

அத்தை அப்போதெல்லாம் வேறு யாரோடோ பேசுகிற மாதிரி, “ஏரல்ல இருந்து வண்டி வந்து சேருததுக்குள்ள எங்க அம்மையத் தூக்கிட்டாங்க. அந்த மாடு நடந்த நடை இருக்கே!” என்பாள். அது ஏரல் மாடுகளின் சோம்பலைப் பற்றிய கதை என்று நான் நினைத்திருந்தேன்.

பெரியவர்கள் இருக்கும்போது சித்தியும் சித்தப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு.

“ஏட்டி, மேல பாரம் வச்சா இப்படித்தான் ஆகும்னு அவுககிட்டச் சொல்லு. எங்க ஊர்ல கருப்பட்டிப் பொதி மாட்டுக்கு ரெண்டு பக்கமுந்தான் தொங்கும்.”

கூடத்துக்குப் போய்ச் சொன்னேன்.

“அப்ப மேல என்னத்த வைக்கதுன்னு கேளு.”

அடுக்களைக்கு வந்து கேட்டேன். சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “மேல சும்மா கெடக்கட்டும்னு சொல்லு” என்றாள்.

நான் அப்படியே ஒப்பித்தேன். சித்தப்பா அடுக்களைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியைத் துடைக்கப் போனார். ஏற்கனவே துடைத்த வண்டிதான்.

மறுநாளே பழைய வண்டிக் கித்தானைக் கிழித்துச் சித்தி இரண்டு பை தைத்தாள். சட்டத்தின் குறுக்கே போட்டால் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும். புகைக் குழாய் சுடுகிற பக்கம் பெட்ரோல் தகரம் கூடாது என்று சித்தப்பா என்னிடம் சொல்லி அனுப்பினார். சரி, அந்தப் பக்கம் அரிசி இருக்கட்டும், பாதி வெந்தே ஊர் போய்ச் சேரும் என்று சித்தி சொல்லி அனுப்பினாள். உலக்கையின் நடுவில் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, இரு முனையிலும் பைகளை மாட்டி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சாமானைக் குறைத்தாள். பானை போய்ச் செம்பு வந்தது. படுக்கைச் சுருள் போய்ப் பத்தமடைப் பாய் வந்தது. தகரப் பெட்டி நின்றே போயிற்று.

“ஏளா, எம் தம்பி சாமியாராவா போறான்? எல்லாத்தையும் உருவிட்டு அனுப்புதியே!” என்றாள் அத்தை.

“போதும் மதினி” என்றாள் சித்தி.

பைகளை மாட்டியதும், வெள்ளோட்டம் பார்க்கச் சித்தப்பா என்னைச் சட்டத்தின் மேல் ஏற்றித் தெருமுனை வரை போய்வந்தார். இறங்கினதும் சித்தி என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள். எதைப் பிடித்தாய், பயமாக இருந்ததா, கால் எங்கே இருந்தது, குலுக்கினால் விழுவோமா என்று ஒரே கேள்வி. பிறகு வாசலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பைகளை நாலு விரற்கடை பின்னால் தள்ளிக் கட்டினாள்.

“எங்கால் அங்கன எட்டவே இல்லையே, சித்தி” என்றேன்.

“வளருவேல்லா” என்றாள்.

நான் பெரியவளாகிற வரைக்கும் அந்த இடம் எனக்குத்தான் என்று அன்று முழுக்க மிதப்பாகத் திரிந்தேன்.

அத்தை நடையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த புளியோடு அப்படியே சித்தியைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் ஒரு ஜமுக்காளத்தை எடுத்துவந்து, நாலாக மடித்து, இரும்புச் சட்டத்தின் மேல் இறுக்கிக் கட்டினாள்.

“இரும்பு சும்மா கெடந்தா துருப் பிடிக்கும்” என்றாள்.

கடைசியில் அத்தை சாமானில் ஒன்றாவது ஏறிவிட்டதே என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அப்பா களத்துக்குப் போன பிறகு, சித்தப்பா தெருவே அதிரக் கிளம்பினார். தனியாகத்தான் போனார். சத்தம் அடங்கியதும் அத்தை அடுத்த வீட்டுக்கும் கேட்கிற குரலில், “ஏளா, பாலத்துக்கு அங்கிட்டு இருக்க பிள்ளையாருக்கு ஒரு விளக்குப் போட்டுட்டு வா. இந்தக் குட்டியையும் கூட்டிக்கோ” என்றாள்.

சித்தி விளக்குப் போட நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டினால், கோயிலுக்குப் பக்கத்து மரத்தடியில் வண்டி நிற்கிறது. சித்தப்பா பைகளைக் கட்டிய வாரைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி விளக்கை ஏற்றிக் கும்பிட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜமுக்காளத்தின் மேல் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். இடம் அளவெடுத்த மாதிரி இருந்தது.

“ஏட்டி, நேரா வீட்டுக்குப் போ. நான் அம்மையப் பாத்துட்டு வாரேன்னு மதினிகிட்டச் சொல்லு.”

வண்டி பாளையங்கோட்டைப் பக்கம் போய்விட்டது. என் இடம் போய்விட்டதே என்ற வருத்தம் ஒரு பக்கம். அழைக்க ஆள் வராமல் மருமகள் போனால் அத்தை என்ன பாடு படுத்துவாளோ என்ற பயம் ஒரு பக்கம். ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னேன். அத்தை திட்டவில்லை.

“காலு பையில இடிச்சுதா?” என்று கேட்டாள்.

“இல்ல அத்தை. இடம் இருந்துது.”

“மேட்டுல ஏறுச்சா?”

“நல்லா ஏறுச்சு.”

மத்தியானம் அப்பா வந்து, யார் வந்து அழைத்தார்கள் என்று கேட்டார். “மோட்டார் வந்து அழைச்சுது. நீ சோத்தத் தின்னு” என்றாள் அத்தை.

சித்தி தன் அம்மாவை உயிரோடு பார்த்தாள். கூட இருந்து கஞ்சியும் ஊட்டினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள்.

அவள் போன அன்று சாயங்காலம் அத்தை தகரப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, வெகுநேரம் வாசலில் தெற்கே பார்த்தபடி நின்றாள். அதே பழைய கதையைச் சொல்வாள் என்று பக்கத்தில் போய் நின்றேன். நானாகவே, “ஏரல் மாடு ரொம்ப மோசம், என்ன அத்தை?” என்றேன்.

அத்தை என் தலையைத் தடவி, “மாடு என்னட்டி செய்யும், பாவம். அழைக்க ஆள் வந்த பெறகுதான வண்டியே பூட்டுனாங்க” என்றாள்.

இத்தனை நாளும் அந்த மாடுகளைத் திட்டியவள் திடீரென்று ஏன் இரக்கப்படுகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.